டாக்கோ கடை ஆரஞ்சு சாஸ்: மூன்றாவது தடவையும் சொதப்பல், உதவுங்கள்

பழைய சான்ஹோசேக்காரன்:
ஆறு வருடம் கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயில் இருந்துவிட்டுப் போன வருடம் வட கரோலினாவில் உள்ள ராலேக்கு மாறினோம். இங்கேயும் டாக்கோ (கறி, காய் வைத்து மடித்த மெக்சிகோ ரொட்டி) கிடைக்கிறது. ஆனால் அங்கே டக்கேரியா என்கிற டாக்கோ கடைகளில் பிதுக்குகிற பாட்டிலில் கெட்டியாக, ஆரஞ்சு நிறத்தில் ஒரு கார சாஸ் வைத்திருப்பார்களே, அது இல்லை. அந்த ஊர் லா விக்டோரியா கடையில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். என் மனைவி அதை இட்லிக்கே தொட்டுக்கொண்டவள்.

முதல் தடவை காய்ந்த ஆர்போல் மிளகாய் (காரமான மெக்சிகோ சிவப்பு மிளகாய்), தக்காளி, பூண்டு மூன்றையும் வேகவைத்து அரைத்தேன். ரசம் மாதிரி ஓடியது. அடுத்த தடவை, கடைக்காரர்கள் மயோனைஸ்தான் சேர்க்கிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பினேன். ஒரே சாண்ட்விச் வாடை. மூன்றாவது தடவை எண்ணெய் ஊற்றி அடித்தேன். நிறமும் பதமும் அப்படியே வந்துவிட்டது! வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்து. எங்கே தப்பு?

அடுப்படி அக்கா:
மிளகாயைக் கருக்கிவிட்டீர்கள் தம்பி. ஆர்போல் தோல் மெல்லிசு. வெறும் வாணலியில் பத்துப் பதினைந்து நொடிதான். வாசனை எழும்பியதும் எடுத்துவிட வேண்டும். ஊறவைத்த தண்ணீரையும் ருசி பார்க்காமல் சேர்க்காதீர்கள், சில சமயம் அதுவே கசக்கும்.

பழைய சான்ஹோசேக்காரன்:
கருகவில்லை அக்கா, பக்கத்திலேயே நின்று புரட்டிப் புரட்டி வறுத்தேன். ஊறிய தண்ணீரையும் கொட்டிவிட்டேன். எண்ணெய் ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன். காரமும் புளிப்புமாக நன்றாகத்தான் இருந்தது.

மிக்ஸி மாமா:
முன்னால் கசக்கவில்லை, பின்னால் கசக்கிறதா? என்ன எண்ணெய் ஊற்றினீர்கள்?

பழைய சான்ஹோசேக்காரன்:
எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய். உடம்புக்கு நல்லதாயிற்றே என்று.

மிக்ஸி மாமா:
பிடிபட்டது. அந்த எண்ணெயை வேகமாகச் சுழலும் பிளேடில் அடித்தால், அதிலுள்ள கசப்புப் பொருள்கள் வெளிப்பட்டுவிடும். வீட்டில் மயோனைஸ் செய்கிறவர்கள் பலர் இதில் அடிபட்டிருக்கிறார்கள். கனோலா மாதிரி வாசனையில்லாத எண்ணெய்க்கு மாறுங்கள்.

கடையில் யாரும் எனக்கு அளவு சொல்லவில்லை, இது என் வீட்டுக் கணக்கு. ஆர்போல் 20, குவாஹியோ மிளகாய் 2, ரோமா தக்காளி 4, அரை வெங்காயம், பூண்டு 6 பல். குவாஹியோவை விடாதீர்கள். காரம் கம்மி, ஆனால் நிறமும் கெட்டியும் அதிலிருந்துதான். காம்பும் விதையும் நீக்கிவிடுங்கள். வெங்காயம், பூண்டை அரை கப் எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயை ஆறவிடுங்கள். மிளகாயும் தக்காளியும் கொஞ்சம் தண்ணீரில் பத்து நிமிடம் வேகட்டும். ஆறினபிறகு எல்லாவற்றையும் உப்பு, இரண்டு ஸ்பூன் வினிகரோடு நைசாக அரையுங்கள். சூட்டோடு ஓட்டினால் மூடி பறக்கும், எங்கள் வீட்டுக் கூரையில் இன்னும் ஒரு சிவப்புத் திட்டு இருக்கிறது. கடைசியில் ஆறின எண்ணெயை நூல் மாதிரி விட்டுக்கொண்டே அடிக்க வேண்டும். எண்ணெய் பொடிப்பொடித் துளியாகக் கலந்ததும், சிவப்பு உங்கள் கண் முன்னாலேயே ஆரஞ்சாக வெளுக்கும்.

பழைய சான்ஹோசேக்காரன்:
என்னிடம் ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸிதான் மாமா. ஓடும்போது மூடியைத் திறக்க முடியாதே?

மிக்ஸி மாமா:
ஒவ்வொரு ஸ்பூனாக, நிறுத்தி நிறுத்தி ஊற்றுங்கள். மொத்தமாகக் கவிழ்த்தால் பிரிந்துவிடும்.

அடுப்படி அக்கா:
அடடா, பாவம் மிளகாயைப் பழித்துவிட்டேன். இன்னொன்று: பூண்டும் எண்ணெயும் சேர்ந்த பண்டம், ஊறுகாய் மாதிரி வெளியே வைக்காதீர்கள். பாட்டுலிசம் என்கிற உயிருக்கே ஆபத்தான உணவு நச்சு வரக்கூடியது. ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும், ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அப்புறம், சில டாக்கோ கடைகளில் பச்சையாக, வெண்ணெய்ப்பழம் மாதிரி ஒரு சாஸ் ஊற்றுகிறார்களே, அதில் பெரும்பாலும் பழமே இல்லை. வேகவைத்த சுக்கினிக் காயும் ஹாலபேன்யோ பச்சை மிளகாயும்தான். எண்ணெய் அடிக்கிற வித்தை இதேதான்.

பழைய சான்ஹோசேக்காரன்:
நேற்று ராத்திரி செய்தேன். கசப்பு துளியும் இல்லை, காலையிலும் பிரியவில்லை. காரம் மட்டும் தூக்கல், அடுத்த தடவை 14 மிளகாய்தான். மனைவி தோசைக்கு வைத்துக்கொண்டு, "இது அதேதான்" என்றாள். ஒரே தொல்லை, பாட்டில் மூக்கில் மிளகாய்த் தோல் அடைத்து, அழுத்தினால் சட்டையெல்லாம் தெறிக்கிறது.

அடுப்படி அக்கா:
வடிகட்டவில்லையா தம்பி?