வால்மார்ட் வழக்கு: 15 லட்சம் பெண்களைத் திருப்பி அனுப்பியது சரியா?

செந்தாமரை:
கலிபோர்னியாவில் பிட்ஸ்பர்க் வால்மார்ட்டில் வேலை பார்த்த பெட்டி டியூக்ஸும் வேறு சிலரும் 2001-இல் சான் பிரான்சிஸ்கோ கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். சம்பளத்திலும் பதவி உயர்விலும் பெண்களை ஓரங்கட்டுகிறார்கள் என்று புகார். நாடு முழுக்க சுமார் 15 லட்சம் பெண்களுக்கான கூட்டு வழக்காக, அதாவது சிலர் எல்லாருக்காகவும் சேர்த்து நடத்தும் ஒரே வழக்காக, இதை நடத்தக் கேட்டார்கள். 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. அநியாயம். மணிக்கணக்குச் சம்பள வேலைகளில் 70 சதவீதம் பெண்கள், நிர்வாகப் பதவிகளில் வெறும் 33. வேறென்ன ஆதாரம் வேண்டும்?

மாறன்_கோவை:
வித்தியாசம் இருப்பது தெரிகிறது, காரணம் தெரியவில்லையே. முடிவெடுத்தது அந்தந்தக் கடை மேலாளர். கடைகளோ சுமார் 3,400. ஒருவர் பெண்களை மட்டம் தட்டியிருப்பார், இன்னொருவர் ஒழுங்காக நடந்திருப்பார். கூட்டு வழக்கென்றால் எல்லாருக்கும் பொதுவான கேள்வி ஒன்று வேண்டும், அது எங்கே என்றுதான் தீர்ப்பில் நீதிபதி ஸ்காலியா கேட்டார். பெண்கள் தரப்பு சமூகவியல் நிபுணரே, பெண்களைப் பற்றிய முன்முடிவு புகுந்தது அரை சதவீத முடிவுகளிலா, 95 சதவீதத்திலா என்று சொல்ல முடியவில்லை என்றார். இதை வைத்து எப்படித் தீர்ப்பு எழுதுவது?

செந்தாமரை:
மேலாளர் இஷ்டம் என்று விட்டதே தலைமையகம்தானே! பதவி காலியானால் பல நேரம் அறிவிப்பே கிடையாது. பிடித்தவரைத் தோளில் தட்டி மேலே கூட்டிப்போவார்கள். 'ஆண்கள்தான் இதைத் தொழிலாக நினைத்து வருகிறார்கள், பெண்கள் அப்படியில்லை' என்று ஒரு மேலாளர் சொன்னதை ஸ்காலியாவோடு உடன்படாத நீதிபதி கின்ஸ்பர்க் தன் மறுப்புத் தீர்ப்பிலேயே எடுத்துக் காட்டினார். அப்புறமும் தற்செயலா?

கறுப்புக்கோட்டு:
இடையில் ஒன்று. பொதுவான கேள்வி விஷயத்தில்தான் நீதிபதிகள் 5-4 என்று பிரிந்தார்கள். பாக்கிச் சம்பளத்தை, பெண்கள் தரப்பு நம்பிய கூட்டு வழக்கு விதியின்கீழ் மொத்தமாகக் கேட்கக் கூடாது என்பதில் ஒன்பது பேரும் ஒரே குரல், கின்ஸ்பர்க் உட்பட. கூடவே, பாகுபாடு நடந்ததா இல்லையா என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை. இரண்டு பேருமே சொன்னதாக வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள் :)

மாறன்_கோவை:
சரி. தனித்தனியாகப் போடலாமே, யார் தடுத்தது?

செந்தாமரை:
மணிக்கு இத்தனை டாலர் என்று வாங்குகிறவர் எந்த வக்கீலுக்குக் கொடுத்து அந்த நிறுவனத்தோடு மோதுவார்? சம்பளப் பதிவேடு முழுக்க அவர்கள் கையில்.

மாறன்_கோவை:
கலிபோர்னியா பகுதிக்கு மட்டும் சுருக்கிக் கேட்டும் 2013-இல் கீழ் நீதிமன்றத்தில் மறுத்துவிட்டார்களே?

செந்தாமரை:
மறுத்தார்கள். கூட்டு வழக்கு கூடாது என்று. பெண்களை வால்மார்ட் ஒழுங்காக நடத்தியது என்று அதில் ஒரு வரி இருந்தால் இங்கே எடுத்துப் போடுங்கள்.