ஒரே பொருளுக்கென்று ஒரு டப்பா: புழங்கியவர்கள் சொல்லுங்கள்

வெங்காய வடிவில் வெங்காயத்துக்கு ஒரு டப்பா. எலுமிச்சை வடிவில் எலுமிச்சைக்கு ஒன்று. வாழைப்பழத்துக்கு வளைந்த உறை, அவகாடோவுக்குக் கொட்டையோடு உட்கார ஒரு பள்ளம், பூண்டுக்கு ஓட்டை போட்ட குடுவை. பார்த்தவுடன் கை தானாக நீள்கிறது. ஆனால் எந்தச் சமையலறையிலும் இடம் தாராளமாகக் கிடப்பதில்லை. ஒன்றே ஒன்றை வைக்க மட்டும் ஆகிற டப்பாவுக்கு அலமாரியில் இடம் கொடுக்கலாமா? அட்டையில் அச்சடித்த வாசகங்கள் எல்லாருக்கும் தெரியும். உள்ளே போன பொருள் எந்த நிலையில் வெளியே வந்தது என்று எழுதுங்கள்.

முதலில் என்னிடம் இருக்கும் வெங்காய டப்பா. இரண்டு பாதி, மேல்பாதி பச்சை, அழுத்தினால் டக்கென்று மூடும். மூடியின் விளிம்பில் ரப்பர் வளையம் கிடையாது. குறை முழுக்க அங்கேதான். பாதி வெங்காயத்தைப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால், மறுநாள் வெட்டிய முகம் நன்றாகவே இருக்கும், ஓரம் மட்டும் லேசாகக் காய்ந்திருக்கும். வாடைதான் அடங்காது. வெங்காய வாடை கந்தகச் சேர்மங்களிலிருந்து வருகிறது, அவை கொழுப்பில் எளிதில் கரையும். அதனால் பக்கத்தில் திறந்திருக்கும் வெண்ணெயில்தான் முதலில் ஏறும். அதே வெங்காயத்தை வளையம் வைத்த சின்னக் கண்ணாடி டப்பாவில் போட்டால் வெண்ணெய் தப்பிக்கிறது. வாடையைத் தடுப்பது வளையம். வடிவத்துக்கு அதில் பங்கே இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். பிளாஸ்டிக் வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு கழுவினாலும் அந்த டப்பாவை முகர்ந்தால் வெங்காயம்தான். வேறு எதையும் அதில் வைக்க மனம் வராது. ஆகவே வெங்காயத்துக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் டப்பா இருப்பது நியாயமே. அது வெங்காயம் மாதிரியே இருப்பதற்கு ஏதாவது நியாயம் உண்டா?

◆

உண்டு. நாங்கள் சிலர் சேர்ந்து தங்கியிருக்கும் வீடு, ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். பாதி வெங்காயத்தை ஒருவர் தாளில் சுற்றி வைப்பார், ஒருவர் கிண்ணத்தில் கவிழ்த்து வைப்பார், இன்னொருவர் சதுர டப்பாவில் போட்டு உள்ளே தள்ளிவிடுவார். அடுத்துச் சமைக்க வருகிறவருக்கு அது இருப்பதே தெரியாது. புதிதாக ஒன்றை வெட்டுவார். ஃப்ரிட்ஜைத் துடைக்கிற நாளில் சுருங்கிப்போன பாதிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

வெங்காய டப்பா வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. கண்ணுக்கு நேரான தட்டில் அது நிற்கும். சமைக்கிறவர் முதலில் அதைத் திறந்து பார்ப்பார், இருந்தால் எடுத்துக்கொள்வார், யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜில் பொருள் வீணாவதற்கு மறதி பெரிய காரணம். பலர் புழங்கும் வீட்டில் அந்த வடிவமே எல்லாருக்கும் நினைவூட்டிவிடுகிறது. எங்களுடையதில் வளையமும் இருக்கிறது, அதனால் வாடைப் பிரச்சினையும் வரவில்லை. வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

◆

அவகாடோ டப்பா பற்றி என் பங்குக்கு. பழம் கறுப்பதற்குக் காரணம் காற்று. வெட்டும்போது உடைகிற செல்களிலிருந்து பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வெளிப்பட்டு, ஆக்சிஜன் கிடைத்ததும் பழுப்பு நிறத்தை உண்டாக்குகிறது. கொட்டையை எடுக்காமல் வைத்தால் கறுக்காது என்பார்கள். கொட்டைக்கு அடியில் இருக்கும் இடம் மட்டும் பச்சையாக இருக்கும், சுற்றிலும் கறுத்துத்தான் போகும். அந்த இடத்துக்குக் காற்று போகவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு டப்பாவைப் பாருங்கள். நான் புழங்கியது இரண்டு வகை. ஒன்றில் மூடி பழத்தைப் போலவே குழிந்திருக்கும். பழத்துக்கும் மூடிக்கும் நடுவே ஒரு விரல் கனத்துக்குக் காற்று நிற்கும். கறுக்க அந்தக் காற்றே போதும். இன்னொன்றில் வெட்டிய முகத்தைத் தட்டையான தளத்தில் கவிழ்த்து, முதுகுக்கு மேல் ஒரு சிலிகான் நாடாவை இழுத்து மாட்ட வேண்டும். இது வேலை செய்கிறது. மறுநாள் நாடாவைக் கழற்றினால் பழம் தளத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மெல்லப் பிரித்தால் முகம் நல்ல பச்சை. தளம் தொடாத விளிம்பில் மட்டும் நூல் மாதிரி ஒரு பழுப்புக் கோடு. மெல்லிய பிளாஸ்டிக் தாளை முகத்தில் காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்தி ஒட்டினாலும் இதே பலன் கிடைக்கும். ஒவ்வொரு தடவையும் தாளைக் கிழித்துக் குப்பையில் போட விருப்பமில்லாதவர்கள் நாடா வகையை வாங்கலாம். குழிந்த மூடி வகை வேண்டவே வேண்டாம்.

ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். அவகாடோவைத் தண்ணீரில் மூழ்க வைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் நெடுநாள் வாடாது என்று ஒரு யோசனை இணையத்தில் பரவியது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2022-ல் அப்படிச் செய்ய வேண்டாம் என்று எச்சரித்தது. தோலில் லிஸ்டீரியா, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருந்தால் அவை தண்ணீரில் பெருகக்கூடும். எந்த டப்பாவில் வைத்தாலும் சரி, அதில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெட்டுவதற்கு முன் தோலைக் கழுவுங்கள்.

◆

வாழைப்பழ உறைக்கு என் முழு ஆதரவு. புத்தகமும் மடிக்கணினியும் போகிற பையில் பழம் நசுங்காமல் போய்ச்சேர இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை. பக்கவாட்டில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாழைப்பழம் எத்திலீன் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், அடைத்து வைத்தால் சீக்கிரம் கனிந்து குழைந்துவிடும். ரொம்ப வளைந்த பழமும் ரொம்பப் பெரிய பழமும் உள்ளே போகாது. இது பயணத்துக்குத்தான். வீட்டில் சேமிக்க ஆகாது. உறையோடு ஃப்ரிட்ஜில் வைக்கவும் வேண்டாம். ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வாழைப்பழத்தின் தோல் கறுக்கும், காயாக இருந்தால் சரியாகப் பழுக்காது.

◆

முட்டைத் தட்டு: ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டுகிற வகை எனக்குப் பிடிக்கவில்லை. கதவைத் திறக்கும் போதெல்லாம் அங்கேதான் வெப்பம் ஏறி இறங்கும். முட்டை ஓட்டில் நுண்துளைகள் உண்டு, சுற்றியுள்ள வாடையும் உள்ளே போகும். வாங்கி வந்த அட்டையோடு உள் தட்டில் வைத்தால் போதும்.

◆

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. நிழலுருவம் தெரியும், எழுத்து தெரியாது. ஆனால் சமையலை அவர் விடவில்லை, விடவும் மாட்டார். முன்பு எங்கள் ஃப்ரிட்ஜில் எல்லாம் ஒரே அளவுச் சதுர டப்பாக்கள். அடுக்கி வைத்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும். அம்மாவுக்கு அது பெரிய வேதனை. ஒவ்வொன்றாகத் திறந்து, முகர்ந்து, மூடி, அடுத்ததைத் திறப்பார்.

இப்போது வெங்காயம், எலுமிச்சை, தக்காளி, பூண்டு எல்லாம் அதனதன் வடிவில் இருக்கின்றன. கையை உள்ளே விட்டு, வெங்காய டப்பாவின் தலையில் இருக்கும் கூர் முனையைத் தொட்டவுடன் எடுத்துவிடுகிறார். எலுமிச்சை டப்பாவின் இரண்டு ஓரத்திலும் காம்பு மாதிரி மேடு இருக்கும், பெருவிரலால் அதைத் தேடுவார். என்னைக் கூப்பிடுவதில்லை. தன் சமையலறையைத் தானே நடத்துகிறார். எனக்கு இது போதும்.

மூடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாலு பக்கமும் கொக்கி போட்டுப் பூட்டுகிற மூடியை, மூட்டுவலி இருக்கிற கையால் திறக்க முடிவதில்லை. திருகித் திறக்கும் மூடியும் கஷ்டம். சும்மா அழுத்தி மூடுகிற இந்த வடிவ டப்பாக்களைத் திறக்க அவருக்குச் சிரமமே இல்லை. வயதானவர்களுக்கு வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒரு கையால் திறந்து பாருங்கள்.

◆

அம்மாவைப் பற்றிப் படித்ததும் நெஞ்சம் நிறைந்துவிட்டது. தொட்டால் தெரிய வேண்டும் என்பதை நான் நினைத்தே பார்த்ததில்லை, இனி யாருக்காவது பரிசு வாங்கும்போது நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

நான் எழுத வந்தது ரொட்டிப் பெட்டி பற்றி. பெட்டி பெரியது, மேடையில் நிறைய இடம் பிடிக்கும். தினமும் ரொட்டி தின்கிற வீட்டுக்கு மட்டும் அது சரி. ரொட்டி விறைத்துப் போவதற்குக் காய்வது மட்டும் காரணம் இல்லை, அதிலுள்ள மாவுச்சத்து மறுபடி இறுகிப் படிகமாவதும் காரணம். இது ஃப்ரிட்ஜின் குளிரில் வேகமாக நடக்கும். அதனால் ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைக்காமல் பெட்டியில் வைப்பது நல்லது. முழுக்க அடைபட்ட பெட்டியில் ஈரம் தங்கி மேலோடு நமத்துப்போகும், பூசணமும் பூக்கும். லேசாகக் காற்றுப் போகிற மரப்பெட்டியில் மேலோடு மொறுமொறுப்பாகவே இருக்கிறது. மழைக்காலத்தில் எந்தப் பெட்டியும் பெரிதாகக் காப்பாற்றாது. அப்போது ரொட்டியைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, வேண்டும்போது நேராக டோஸ்டரில் போடுவேன்.

◆

இதுவரை வந்தவற்றில் எனக்கு மிகவும் நெருக்கமானது பூண்டுக் குடுவைதான், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சுட்ட மண்ணால் ஆனது, சுற்றிலும் ஓட்டைகள், மேலே தளர்வான மூடி. இதை அலங்காரப் பொருள் என்று பலர் ஒதுக்குகிறார்கள். இந்தப் பட்டியலிலேயே உள்ளே இருப்பதன் குணத்தை நன்றாகப் புரிந்துகொண்டு செய்தது இதுதான்.

முழுப் பூண்டுக்கு வேண்டியது காற்று, இருட்டு, வறட்சி. காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் அது விடுகிற ஈரம் அதன் மேலேயே படியும், அடிப்பக்கத்தில் சாம்பல் நிறப் பூசணம் வரும். ஃப்ரிட்ஜின் குளிர் முளைவிடத் தூண்டும். குடுவையில் ஈரம் ஓட்டை வழியே போய்விடுகிறது, வெளிச்சம் பெரிதாக விழுவதில்லை. பல்லைப் பிரித்த பிறகு மட்டும் அவ்வளவு நாள் தாங்காது, அதை முதலில் செலவழித்துவிட வேண்டும். வெங்காயத்துக்கும் இதே மாதிரி பெரிய குடுவைகள் உண்டு. உருளைக்கிழங்கை அதே குடுவையில் போடாதீர்கள். அதற்கு இருட்டு இன்னும் அதிகமாக வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சை ஏறி, சோலனைன் என்ற நஞ்சும் கூடும்.

உரித்த பூண்டை எண்ணெயில் போட்டு மேடையில் வைக்க அழகழகான குப்பிகள் விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள். பூண்டில் மண்ணிலிருந்து வந்த கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். எண்ணெய் காற்றை அடைத்துவிடுகிறது, பூண்டில் போதிய புளிப்பு இல்லை, அறை வெப்பமும் சேர்ந்தால் நஞ்சு உருவாக எல்லாம் கூடிவிடும். வாடையிலோ நிறத்திலோ ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் இப்படிக் குளிரில் வைக்காத பூண்டு எண்ணெயால் 36 பேருக்கு அந்த நஞ்சால் வரும் பாட்டுலிசம் என்ற நோய் வந்தது. இதை யார் வீட்டில் பார்த்தாலும் சொல்லுங்கள்.

◆

கழுவுவது பற்றி யாரும் பேசவில்லையே. வடிவ டப்பாக்களில் மூலை முடுக்கு அதிகம். எலுமிச்சை டப்பாவின் முனைக்குள் விரல் போகாது, பாட்டில் பிரஷ்தான் வேண்டும். சிலிகான் வளையத்தைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள், அதன் பள்ளத்தில்தான் கறுப்பாகப் பூசணம் பிடிக்கும். கழற்ற முடியாத வளையம் வைத்த டப்பாவை நான் வாங்குவதே இல்லை. அப்புறம், இவை ஒன்றின் மேல் ஒன்று அடுக்காது, ஒன்றுக்குள் ஒன்று போகாது. காலியாக இருக்கும்போதும் முழு இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

◆

கேள்வி கேட்டவன் மறுபடி வருகிறேன். எல்லாருக்கும் நன்றி, குறிப்பாக அம்மாவைப் பற்றி எழுதியவருக்கு. என் வளையமில்லாத வெங்காய டப்பாவை உரித்த பூண்டுப் பல் வைக்கலாம் என்று மாற்றிவிட்டேன், இரண்டும் ஒரே குடும்பம், வாடையும் ஒத்துப்போகும். அதிலும் அன்றன்று செலவாகிற அளவுதான், ஃப்ரிட்ஜுக்குள்தான். வளையம் வைத்த ஒன்றைத் தேடுகிறேன். வெண்ணெயும் இனி மூடியுள்ள பாத்திரத்தில்.

முழுப் பூண்டுக்குக் குடுவை வாங்குவது என்று முடிவாகிவிட்டது. பளபளவென்று மெருகிட்டது வாங்கலாமா, வெறும் மண்ணாக இருப்பதா?

◆

உள்பக்கம் மெருகிடாதது வாங்குங்கள், மண் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும். வெளியே மெருகு இருந்தால் பாதகமில்லை. ஓட்டை நாலு பக்கமும் இருக்கட்டும், சிலவற்றில் முன்பக்கம் மட்டும் அழகுக்கு இரண்டு ஓட்டை போட்டிருப்பார்கள். அடுப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் தள்ளி வையுங்கள்.