மூன்று பேர் கம்பெனிக்குத் தலைமைச் செயல் அதிகாரியா?

தரமணிவாசி: “சொந்தக் கம்பெனி நடத்தியவர்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ‘மூத்த பொறியாளர்’ என்று மட்டும் போடுங்கள்” என்று நேற்று ஒரு மேதை இங்கே அருளியிருந்தார். நான்கு வருடம் நாய்படாத பாடு பட்டிருக்கிறேன். தலைமைச் செயல் அதிகாரி என்றுதான் போடுவேன்.

ஆளெடுப்பவர்: அந்த மேதை நான்தான். கம்பெனியில் எத்தனை பேர்?

தரமணிவாசி: மூன்று. அதனால் என்ன?

ஆளெடுப்பவர்: தலைமை, செயல், அதிகாரி. ஆளுக்கொரு சொல், கணக்குச் சரியாக இருக்கிறது.

தரமணிவாசி: சிரியுங்கள். நிரல் எழுதியதும் நான்தான், பாக்கி வசூலிக்க வாடிக்கையாளர் வாசலில் நின்றதும் நான்தான், மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ததும் நான்தான். இதற்கு ‘பொறியாளர்’ என்று பெயரா? கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் தேடினால் இயக்குநர் என்று என் பெயர் வந்து நிற்கும். மறைத்தால் மாட்டுவது நீங்களா, நானா?

கொங்குக்காரர்: பதவிப் பெயர் கிடக்கட்டும். பின்னணி சரிபார்ப்பில், முன்பு எங்கே வேலை பார்த்தோம் என்று அறிய பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கைப் பார்க்கிறார்கள். 20 பேருக்குக் குறைவான கம்பெனிக்குப் பொதுவாக பி.எஃப். கட்டாயமில்லை. என் கணக்கில் மூன்று வருடம் வெறுமையாகக் கிடந்தது. வருமானவரித் தாக்கலும் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் கடிதமும் கொடுத்துத் தப்பித்தேன். எஸ்.டி.கே-2 படிவம் போட்டுக் கம்பெனியை மூடிவிட்டீர்களா? இல்லையென்றால் இன்னும் இயக்குநர்தான். ‘இரட்டை வேலை’ என்பார்கள்.

தரமணிவாசி: உங்களிடம் யார் பி.எஃப். கேட்டது? பேச்சு பதவிப் பெயரைப் பற்றியது. சென்ற வருடம் என் கிராஜுவிட்டி கேள்வியையும் நீங்கள்தான் திசை திருப்பினீர்கள். மறக்கவில்லை.

ஆளெடுப்பவர்: அவர் சொன்னதுதான் உருப்படியான பேச்சு. ‘தலைமைச் செயல் அதிகாரி’ என்று பார்த்ததும் குழுத் தலைவர் என்ன நினைப்பார்? ஆறு மாதத்தில் அடுத்த கம்பெனி தொடங்க ஓடிவிடுவார், அதுவரை சொன்ன பேச்சும் கேட்கமாட்டார் என்றுதான்.

தரமணிவாசி: போன வாரம் ஒரு நேர்காணலில் “உங்களுக்கு மேலதிகாரி இருந்தாரா?” என்று கேட்டான், பல் முளைக்காத ஒரு பையன். இருந்தார்கள், பணம் தராத 11 வாடிக்கையாளர்கள் என்றேன். அதன்பிறகு பதிலே இல்லை. நஷ்டம் அவர்களுக்கு.

புதுவரவு: ‘நிறுவனர் மற்றும் பொறியாளர்’ என்று இரண்டையும் போட்டால்?

கொங்குக்காரர்: ‘மற்றும்’ எதற்கு? தமிழில் ‘உம்’ இருக்கிறது. ‘நிறுவனரும் பொறியாளரும்’.

ஆளெடுப்பவர்: அப்படிப் போட்டால் இரண்டு ஆள் என்று நினைப்பார்கள். கம்பெனியில் நான்கு பேர் ஆகிவிடும்.

தரமணிவாசி: தலைமைச் செயல் அதிகாரி. அதே பெயரில் இப்போதுதான் இன்னொரு விண்ணப்பம் அனுப்பினேன்.

ஆளெடுப்பவர்: எத்தனையாவது?

தரமணிவாசி: அது உங்களுக்குத் தேவையில்லை.

கொங்குக்காரர்: ‘மற்றும்’ பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே?