தேக்கு நாற்காலிக்கு எனாமல் பூசலாமா?

திருவான்மியூர் வாசகர்:
எங்கள் வீட்டில் தாத்தா காலத்துத் தேக்கு நாற்காலிகள் இரண்டும், மொட்டை மாடியில் இரும்பு நாற்காலிகள் இரண்டும் உள்ளன. தேக்கின் மீது முப்பது ஆண்டுகளுக்கு முன்பு பூசிய பச்சைப் பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. இந்த ஐப்பசியிலேயே நான்கையும் தேய்த்து, ஒரே நிறத்தில் எனாமல் அடிக்க எண்ணியிருக்கிறேன். தேக்கிற்குப் பெயின்ட் பூசவே கூடாது என்று எங்கள் ஆசாரி சொல்வதை நான் ஏற்கவில்லை. அன்றாடம் உட்காரும் பொருளைத் துடைத்துப் புழங்க வசதியாக வைத்துக்கொள்வதே முறை.

மயிலாப்பூர் வாசகர்:
ஆசாரி சொல்வதுதான் சரி, ஐயா. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. தின்னர் தொட்ட துணியால் துடைக்காமல் பூசினால் எந்தப் பெயின்டும் சரியாகப் பிடிக்காது, உங்கள் பச்சை உரிவதற்கும் அது காரணமாக இருக்கலாம். எங்கள் வீட்டு நாற்காலியின் கைப்பிடியைச் சுரண்டியபோது, அழுக்குப் பச்சைக்கு அடியிலிருந்து தேன் நிறத்தில் ரேகை ஓடிய மரம் வெளிப்பட்டதைக் கண்டு வீட்டிலுள்ள அனைவரும் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தோம். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொதியால் மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள்.

திருவான்மியூர் வாசகர்:
அரக்கு பாலிஷின் மீது சூடான காப்பி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழுமே! நாள்தோறும் புழங்கும் வீட்டில் அதை எப்படிக் காப்பது?

பெரம்பூர் வாசகி:
பாலிஷா பெயின்டா என்பதற்கு முன்பு, அந்தப் பச்சையை எப்படி எடுக்கப் போகிறீர்கள் என்பதுதான் என் கவலை. வீட்டுப் பெயின்டில் நச்சு உலோகமான ஈயம் (லெட்) பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேல் இருக்கக் கூடாது என்னும் 2016ஆம் ஆண்டு விதி, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. முப்பது ஆண்டுப் பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்றே கொள்ள வேண்டும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் தரையில் படிந்து, தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகும். ஆகவே தண்ணீரில் நனைத்தாலும் கிழியாத உப்புத்தாளான வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

இரும்புக்குப் பெயின்ட் அவசியம்தான், ஆனால் கால்களின் அடியிலுள்ள ரப்பர் புஷ்ஷை முதலில் கழற்றிப் பாருங்கள். எங்கள் நாற்காலியில் அதைக் கழற்றியதும், தேங்கியிருந்த மழைத் தண்ணீரோடு துருத்தூள் கூழாக வழிந்தது. மேலே மூன்று முறை பூசியும் கால் இற்றதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. உங்களுடையது கடற்கரைப் பகுதி என்பதால், கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்தபின் நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கி, நன்றாக உலர்த்தி, அன்றைக்கே துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு பிரைமர் பூசிவிட வேண்டும். ஒரே இரவு வெறும் இரும்பாக விட்டாலும் மறுபடி துருவேறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்காதீர்கள், தை வரை பொறுங்கள்.

மயிலாப்பூர் வாசகர்:
அம்மா சொன்ன எச்சரிக்கையை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். காப்பி வளையத்திற்கு அஞ்சினால், அரக்கிற்குப் பதிலாக மெலமைன் பாலிஷ் போடலாம். மரத்தின் ரேகையும் தெரியும், சூட்டையும் ஓரளவு தாங்கும்.

திருவான்மியூர் வாசகர்:
இரும்பு வேலையைத் தைக்குத் தள்ளிவைக்கிறேன். தேக்கைப் பொறுத்தவரை என் கருத்து இன்னும் மாறவில்லை; எனினும் முதலில் ஒரு கைப்பிடியை மட்டும் நனைத்துத் தேய்த்து, உள்ளே இருக்கும் மரத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.