டிலாமினேஷன் (அடுக்குகள் ஒட்டாமல் பிரிந்த பிளவு) வைத்தும் அதிர்வெண் இறங்கவில்லையே, ஏன்?

கேள்வி:
வணக்கம். எம்.இ. புராஜெக்ட்டுக்காகக் கண்ணாடி இழை, எபாக்சியில் பீம் செய்திருக்கிறேன். தடிமன் 3 மி.மீ., பிடிப்புக்கு வெளியே நீளம் 250 மி.மீ. ஒரு பீமில் மட்டும் நடு அடுக்கில், நீளத்திலும் சரியாக நடுவில், 40 மி.மீ.க்கு டெஃப்லான் தாள் வைத்து ஒட்டாமல் விட்டேன். ஒரு முனையை இறுக்கிச் சுத்தியலால் தட்டினால் நல்ல பீம் 25.8 ஹெர்ட்ஸ், பிரிந்தது 25.7. இரண்டாவது மோடிலும் (பீம் அதிரும் அடுத்த வடிவத்திலும்) பெரிய வித்தியாசமில்லை. கைடு பத்து சதவீதமாவது இறங்க வேண்டும் என்கிறார். சோதனையில் கோளாறா?

பதில் 1:
கோளாறில்லை தம்பி. நுனி வரை இரண்டாகப் பிளந்திருந்தால் விறைப்பு கால்பங்காகி அதிர்வெண் பாதியாகிவிடும். உங்கள் பீமில் பிளவின் இரு முனைகளும் ஒட்டியே இருக்கின்றன. பீம் வளையும்போது ஒரு பாதி நீண்டு, மறுபாதி சுருங்கித்தான் ஆக வேண்டும். சறுக்கித் தப்ப வழியில்லை. அதனால் அந்த இடத்தில் வளைவுத் திருப்புத்திறன் (பீமை வளைக்கும் திருப்பு விளைவு) எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விறைப்பு அதிகம் குறையாது. குறைப்பது வெட்டு விசைதான், அதாவது அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்று சறுக்க வைக்கப் பார்க்கும் விசை.

இரண்டாவது மோடில் பீமின் நடுப்பக்கம் வெட்டு விசை ஏறக்குறைய பூஜ்யம். பிளவை ஒளித்துவைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது! மூன்றாவது மோடைப் பாருங்கள், 450 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். அங்கே நடுப்பக்கம் வெட்டு விசைக்கு ஓர் உச்சம். ஆனால் அந்த மோடின் ஒரு கணுவும் (அசையாத புள்ளியும்) நடுவில்தான், ஆக்சிலரோமீட்டரை (அதிர்வை அளக்கும் சென்சாரை) அங்கே ஒட்டிவிடாதீர்கள்.

1992-ல் ஷென், கிரேடி இருவரும் 127 மி.மீ. கார்பன் பீம்களில் அளந்தது நினைவுக்கு வருகிறது. 25 மி.மீ. பிளவுக்கு 80 ஹெர்ட்ஸ் 78 ஆனது, அவ்வளவுதான். 100 மி.மீ. ஆனபோது 57 பக்கம் போய்விட்டது. கைடிடம் அதைக் காட்டுங்கள், வாதாட வேண்டியிருக்காது.

பதில் 2:
ஒன்று சேர்க்கிறேன். மெதுவாகவும் பலமாகவும் தட்டிப் பாருங்கள். அதிர்வெண் மாறினால் பிளவின் முகங்கள் திறந்து மூடுகின்றன என்று அர்த்தம். உரசலால் டேம்பிங்கும் (அதிர்வு அடங்கும் தன்மையும்) கூடும். நடு அடுக்குப் பிளவில் இது குறைவு, மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில்தான் அதிகம். அப்புறம், பிடிப்பின் போல்ட்டை எல்லா பீமுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒரே அளவில் இறுக்குங்கள். 0.1 ஹெர்ட்ஸ் வித்தியாசம் அதிலேயே வந்துவிடும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. சென்சாரை நுனிப்பக்கம் மாற்றினேன். மூன்றாவது மோடில் பிரிந்த பீமின் அதிர்வெண் உச்சி தெளிவாகக் கீழே தள்ளி நிற்கிறது. அடுத்த பீமில் பிளவை 100 மி.மீ. ஆக்குகிறேன்.