புதுப்பிப்பு: காரையில் தொல்லுயிர் எச்சப் பயிற்சி முடிந்தது

பெரம்பலூர் மாவட்டம் காரையில் தொல்லுயிர் எச்சங்களை வரைபடமாக்கும் பயிற்சி, கணினி வரைபடமே தெரியாத எனக்குச் சரிப்படுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் முடித்துவிட்டேன்.

கணினியில் வரைபடம் தயாரிக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருள் சீக்கிரம் பிடிபட்டது. கண் பழகத்தான் நாளானது. வெடித்த களிமண்ணில் துப்பாக்கித் தோட்டா போலக் கிடப்பது பெலெம்னைட். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடலில் நீந்திய, கணவாயின் உறவினம். அதை எடுக்கக் கூடாது. அருகில் அளவுகோல் வைத்து ஒரு படம், ஜிபிஎஸ் புள்ளி, எந்தப் பாறை அடுக்கு என்ற குறிப்பு, அவ்வளவே. அடுக்கு தெரியாமல் பையில் போட்டால் அது வெறும் கல்தான்.

மழை ஓடைகள் புதியவற்றை வெளிக்கொணர்ந்து பழையவற்றை அடித்துச் செல்கின்றன. அதனால் ஓடைக்கரைப் புள்ளிகளைச் சிவப்பில் குறித்தோம்.

கடைசி நாள் சாத்தனூரில் கல்லாகவே மாறிவிட்ட 18 மீட்டர் நீளக் கல்மரத்தின் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். மழைக்குப் பின் அந்தச் சிவப்புப் புள்ளிகளைப் பார்க்க மறுபடி காரைக்குப் போகிறேன்.