பள்ளிக்கூட நோட்ஸ்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

மஞ்சள்பை:
போன மார்ச்சில் ஆதார் நகல் எடுக்க பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் சீருடையில் ஒரு பெண். கடைக்கார அண்ணன் மெஷினில் கவிழ்த்த பக்கத்தைப் பார்த்தால் என் கையெழுத்து! பத்தாம் வகுப்புக் கணக்கு, செய்முறை வடிவியல். 2014 பொதுத்தேர்வுக்கு நான் எழுதி வைத்தது. அப்போது கூடப் படித்தவர்கள் வாங்கி நகல் எடுத்தார்கள். அதற்கப்புறம் அது எங்கெங்கே போனதோ.

அடிப்பக்கம், உச்சிக்கோணம், குத்துயரம் கொடுத்து முக்கோணம் வரையச் சொல்வார்களே, அந்தப் பக்கம். உதவிப்படத்தைச் சுற்றி நான் வழக்கமாகப் போடும் இரட்டைக் கட்டம் அப்படியே இருந்தது. "கோணத்தைக் கீழ்ப்பக்கமா போடு" என்று ஓரத்தில் எழுதி ஒரு அம்புக்குறி போட்டிருந்தேன். நகலுக்கு நகல் எடுத்து அது கறுப்புத் திட்டாகிப்போயிருந்தது. யாரோ நீல பேனாவால் அதன்மேல் திரும்ப வரைந்திருந்தார்கள். அடுத்த பக்கம் வட்ட நாற்கரம். குறுக்கே பெரிதாக ஒரு கோடு, மேலே வேறொருவர் கையெழுத்தில் "புது புக்ல இல்ல, விட்டுடு".

"இது நான் எழுதினது" என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் "யார் கொடுத்தாங்கம்மா?" என்று மட்டும்தான் கேட்டேன். "ட்யூஷன் அக்கா. அவங்களுக்கு யாரோ கொடுத்தாங்களாம்" என்று சொல்லிக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். பெயர் எழுதிய முதல் பக்கம் அந்தக் கட்டில் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன்.

மூணாவது பெஞ்ச்:
கதை நல்லா இருக்கு, நம்பத்தான் கஷ்டமா இருக்கு. 2019-20இல் பத்தாம் வகுப்புப் புத்தகமே மாறிவிட்டது. 2014 நோட்ஸை வைத்து எந்தப் பிள்ளை படிக்கும்? அந்த ட்யூஷன் அக்காவைத்தான் முதலில் கேட்கணும்.

சரி, என்னுடையது. எங்கள் பள்ளியில் சமூக அறிவியல் நோட்டை முழுசாக முடிக்காதவனுக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று மிரட்டுவார்கள். எனக்கு டைபாய்டு வந்து பாதி நோட்டு காலி. பக்கத்து வீட்டுப் பையனின் நோட்டை வாங்கிவந்து அம்மாதான் உட்கார்ந்து எழுதினார். அவர் படித்தது எட்டாவது வரை. முதல் உலகப் போர் பாடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு, "ஏன்டா, சரயேவோல ஒரு இளவரசனைச் சுட்டதுக்கா இத்தனை நாடு அடிச்சுக்கிச்சு? சுட்டவன் ஊர்க்காரன் சண்டைக்குப் போனா சரி, இங்கிலாந்துக்காரனுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டார். எனக்கு 1914, ஜூன் 28, ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட், மூவர் கூட்டணி எல்லாம் வரிசையாகத் தெரியும். அம்மா கேட்டதற்குப் பதில் தெரியாது. "அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா, எழுது" என்றேன். அவரும் எழுதினார். வகுப்பில் ஒருத்தரும் கேட்காத கேள்வி அது.

மஞ்சள்பை:
@மூணாவது பெஞ்ச், புத்தகம் மாறினாலும் தொடுகோடு வரைவதும் முக்கோணம் வரைவதும் மாறவில்லை. வட்ட நாற்கரம் போய்விட்டது, வடிவொத்த முக்கோணம் வந்தது. அதனால்தான் அந்தப் பக்கத்தை மட்டும் யாரோ அடித்திருக்கிறார்கள். ட்யூஷன் அக்காவை விட்டுவிடுங்கள். உங்கள் அம்மாவின் கேள்விக்காவது பதில் கிடைத்ததா?

மூணாவது பெஞ்ச்:
ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் நுழைந்ததும் இங்கிலாந்து இறங்கியது என்று கல்லூரியில்தான் படித்தேன். அம்மாவிடம் சொன்னேன். "அப்ப இளவரசன் சும்மா ஒரு சாக்குதானா?" என்றார்.

வடக்குவீதி:
நான் யாழ்ப்பாணம். உங்கட பத்தாம் வகுப்புப் போல எங்களுக்கு ஓ.எல். 1995 டிசம்பரில் அக்கா எடுக்க இருந்தவ. ஒக்டோபர் 30 இரவு சண்டை நெருங்கி, எங்கட வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க வெளிக்கிட வேண்டி வந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை, அதை நான் திரும்பச் சொல்லவில்லை. அம்மா அரிசியும் சட்டிபானையும் கட்ட, அக்கா கட்டினது கொப்பிகளை. பொருளாதாரத் தடைக்குள்ள மண்ணெண்ணெய் கிடையாது. ஜாம் போத்தல் விளக்கில் இருந்து எழுதின கொப்பிகள், அதுகளை விட்டிட்டு வர அவவுக்கு மனம் இல்லை.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். அங்கே இன்னொரு குடும்பத்துப் பொடியன், அவனும் ஓ.எல்தான். அக்காவின் விஞ்ஞானக் கொப்பியைக் கேட்டு வந்தான். சும்மா கேட்கக் கூச்சமோ தெரியாது, தன்ர கணிதக் குறிப்பைத் தந்து "நான் திருப்பித் தரும்வரைக்கும் இது உங்களிட்ட இருக்கட்டும்" என்றான். பேப்பர் தட்டுப்பாடான காலம். பழைய கலண்டர் தாள்களைப் பாதியாக வெட்டி, பின்பக்கத்தில் எழுதி, நூலால் தைத்திருந்தான். ஒவ்வொரு பக்கத்திலும் மற்றப் பக்கத்துத் திகதி பெரிய எழுத்தில் மங்கலாகத் தெரியும். பைதகரசின் தேற்றத்துக்குப் பின்னால ஒரு 17.

ரெண்டு மூன்று நாளில் அந்தக் குடும்பத்தைக் காணவில்லை. வன்னிக்குப் போட்டினம் என்று சிலர் சொல்லிச்சினம். அக்கா அந்தக் கலண்டர் கொப்பியில் படித்துத்தான் பிறகு சோதினை எழுதினவ, கணிதம் பாஸ். கொப்பி இப்பவும் எங்கட வீட்டு அலுமாரியில் கிடக்கு. அவனிட்ட அக்காவின் கொப்பி இருந்ததா, அவன் சோதினை எழுதினானா என்பதுதான் என்ர கேள்வி. கொப்பியில் பெயர் எழுதவில்லை.

சாக்பீஸ்:
நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். இங்கே யாரும் மினிமம் மெட்டீரியலைப் பற்றிச் சொல்லவில்லையே. அரையாண்டில் தவறிய பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்து ஒரு சின்னக் கையேட்டைக் கொடுப்போம். அறிவியலில் செய்முறைக்கு 25 இருக்கிறது, எழுத்துத் தேர்வில் 75க்கு 20 வந்துவிட்டால் பையன் தேறிவிடுவான். அந்தக் கணக்குக்குத்தான் கையேடு. எளிதாக வரக்கூடிய பாடங்கள், படங்கள், ஒரு மதிப்பெண் வினாக்கள், அவ்வளவுதான்.

ஒருநாள் மாலை ஸ்பெஷல் கிளாஸில், மற்ற நேரம் வாயே திறக்காத ஒருவன் எழுந்து, "சார், சூரியன் எதை வச்சு எரியுது? நம்ம மெட்டீரியல்ல இருக்கா?" என்றான். அணுக்கரு இணைவு புத்தகத்தில் இருக்கிறது, கையேட்டில் இல்லை. "அது உனக்கு வேண்டாம்பா, இதை முடி" என்றேன். "அப்போ அது நல்லா படிக்கிறவங்களுக்கு மட்டுமா சார்?" என்று கேட்டான். கிண்டல் இல்லை. கடையில் இந்த பிஸ்கட் இருக்கிறதா என்று கேட்பது போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டான். பெல் அடித்தது, கிளம்பிவிட்டார்கள். தேர்வில் தேறினான். அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

ஃப்யூஸ்வயர்:
சாக்பீஸ் சார், மரியாதையோடுதான் சொல்கிறேன். அந்தக் கையேடு இல்லையென்றால் நான் இன்று கூலிக்குப் போய்க்கொண்டிருப்பேன். பத்தாவது தேறினால்தான் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ப்பார்கள். தவறியவனுக்குச் சூரியன் எப்படி எரிந்தால் என்ன?

ஓம் விதி அந்தக் கையேட்டில் கட்டம் போட்டு இருந்தது. தறிப் பட்டறையில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அந்தச் சத்தத்திலேயே நின்று மனப்பாடம் பண்ணுவேன். "மாறா வெப்பநிலையில்" என்று ஆரம்பிக்கும். பப்ளிக்கில் கேட்டார்கள், ஒரு எழுத்து மாறாமல் எழுதினேன். புரிந்ததா என்றால் சத்தியமாக இல்லை. ஐடிஐயில் ஒரு ஹீட்டர் காயிலில் மல்டிமீட்டரை வைத்து ஓம் பார்க்கச் சொன்னார் மாஸ்டர். சூடாவதற்கு முன்னால் ஒரு அளவு, சூடான பிறகு வேறொரு அளவு. அப்போதுதான் "மாறா வெப்பநிலையில்" என்று எதற்குச் சொன்னார்கள் என்று உறைத்தது. பட்டறையில் நின்று கத்திய வரி அங்கே வந்து நின்றது. முதலில் மனப்பாடம், புரிவது பிறகு. எங்களைப் போன்றவர்களுக்கு அப்படித்தான் வாய்த்தது.

சாக்பீஸ்:
கையேடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தம்பி. வருஷா வருஷம் நானேதான் கொடுக்கிறேன். அவன் கேட்ட தொனிதான் போக மாட்டேன் என்கிறது.

படிப்பாளி மாமா:
எல்லோரும் அடுத்தவர் நோட்ஸ் கதையாகவே சொல்கிறீர்கள். என் கதை ரொம்பச் சின்னது. நான் எழுதிய பன்னிரண்டாம் வகுப்பு நோட்ஸை எங்கள் ஆச்சி அலமாரித் தட்டில் விரித்து அதன்மேல் ஊறுகாய் ஜாடி வைத்துவிட்டார். எண்ணெய் இறங்கி, கரிம வேதியியல் முழுக்கக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவுதான்.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை. பாடம் நடத்தும் அன்றே நோட்ஸ் எழுதாதீர்கள். அது நோட்ஸ் இல்லை, புத்தகத்தைப் பார்த்து எழுதிய இன்னொரு புத்தகம். ஒருமுறை படித்து, புத்தகத்தை மூடிவைத்து, நினைவில் இருப்பதை எழுதுங்கள். விட்டுப்போனதை வேறு நிறத்தில் சேருங்கள். தேர்வுக்கு முந்தின நாள் அந்த நிறத்தை மட்டும் பார்த்தால் போதும். வரலாற்றுக்குக் காலக்கோடு ஒரே தாளில் வரவேண்டும், இரண்டாம் தாளுக்குப் போனால் நீங்கள் அதிகமாக எழுதுகிறீர்கள் என்று அர்த்தம். புவியியலுக்கு நோட்ஸே வேண்டாம், வெற்று இந்திய வரைபடம் வாங்கித் தினம் ஒன்று குறியுங்கள். ஆறு, மண், துறைமுகம் எல்லாவற்றையும் ஒரே படத்தில் திணிக்கக் கூடாது. கணக்கில் சூத்திரத்தை மட்டும் எழுதி வைப்பதில் பயனில்லை, நீங்கள் தப்பாகப் போட்ட கணக்கை எழுதி, எந்த வரியில் தப்பு என்று குறியுங்கள். அறிவியலில் படம் பென்சிலில்தான், பாகம் குறிக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. தமிழில் மனப்பாடச் செய்யுளுக்கு அடி பிரித்து எழுதிப் பார்க்க வேண்டும், சீர் மாறினால் மதிப்பெண் போகும். ஆங்கிலத்துக்குக் கைடில் இருக்கும் கட்டுரையை நெட்டுருப் போடாமல், குறிப்பை மட்டும் வைத்து மூன்று வகையாக எழுதிப் பாருங்கள். ஸ்கெட்ச் பேனா மூன்று நிறத்துக்குமேல் வேண்டாம். மார்ஜின் கட்டாயம். அப்புறம், நோட்ஸை யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள்.

வடக்குவீதி:
கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி ஐயா.

இருபது செட்:
படிப்பாளி மாமா சொல்வதுபோலத்தான் எல்லாம் செய்தேன். 2020 பத்தாவது செட் நான். மார்ச் 27இல் தொடங்க வேண்டிய தேர்வு தள்ளிப்போய், ஜூன் 15 என்றார்கள். ஊரடங்கில் வேறென்ன வேலை? அஞ்சு பாடத்துக்கும் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற அட்டை. ஜெராக்ஸ் கடை திறந்த முதல் வாரமே ஸ்பைரல் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஜூன் 9. சமூக அறிவியலை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருக்கிறேன். உள்ளே டிவியில் தேர்வு ரத்து, எல்லோரும் தேர்ச்சி என்று சொல்கிறார்கள். தெருவில் பையன்கள் விசில். தம்பி ஓடிவந்து ஸ்பைரலைப் பிடுங்கி மேலே வீசினான். அப்போது நானும் சிரித்தேன். பிறகுதான் கணக்கு தெரிந்தது: காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20. காலாண்டு சமயம் எனக்கு மஞ்சள் காமாலை. என் மார்க் ஷீட்டில் இருப்பது அந்தக் காமாலை மார்க்தான். வேலைக்கு நேர்காணல் போன இடத்தில்கூட "டென்த்ல ஏன் இவ்வளவு கம்மி?" என்று கேட்டார்கள். ஸ்பைரலை எடுத்துக் காட்டவா முடியும்?

மூணாவது பெஞ்ச்:
ஆல் பாஸ் செட்டுக்கு வருத்தம் வேறயா!

இருபது செட்:
@மூணாவது பெஞ்ச், இதைத்தான் அன்றிலிருந்து எல்லோரும் சொல்கிறார்கள். எழுத விட்டிருந்தால் எழுதியிருப்போம்.

படிப்பாளி மாமா:
தம்பி, அந்த ஸ்பைரலைத் தூக்கிப் போட்டுவிடாதே. உயிரியல் பகுதி பதினொன்றாம் வகுப்புக்கு நல்ல அடித்தளம். கணக்கில் முக்கோணவியலையும் ஆயத்தொலை வடிவியலையும் தனியாகப் பிரித்து வை. வேதியியலில் மோல் கருத்து மறுபடி வரும், அதை மட்டும் ஒருமுறை புதிதாக எழுது.

இருபது செட்:
மாமா, நான் ப்ளஸ் டூவில் காமர்ஸ் எடுத்து, பி.காம் முடித்து, வேலைக்கும் போயாச்சு.